சட்டைப் பையில் ஒரு பித்தளை மூடி

அந்த அறைக்குள் நுழைந்தவுடன் காது அடைத்துக்கொண்டது போல இருக்கும். சுவர், கூரை, கதவின் உட்புறம் எல்லாவற்றிலும் முழ நீளத்துக்கு நீலக் கூம்புகள். கரி ஊட்டிய ஸ்பாஞ்சு. ரேடியோ அலை எதன் மேலும் பட்டுத் திரும்பி வரக் கூடாது என்பதற்காகக் கட்டிய அறை. அலை மட்டுமல்ல, மனிதக் குரலும் அங்கே திரும்பாது. சொல் வாயை விட்டு வெளியே போய் அப்படியே காணாமல் போய்விடும். பொய் பேசத் தோதான இடம்.

நான் உள்ளே தனியாக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வெள்ளைத் தெர்மோகோல் கம்பம். அதன் உச்சியில் உள்ளங்கை அளவுப் பச்சைப் பலகை. பாதி திறந்த கதவுக்கு வெளியே கம்ப்யூட்டர் முன்னால் கல்யாணி உட்கார்ந்திருந்தார்.

"வெச்சிட்டீங்களா சார்?"

"ஒரு நிமிஷம்மா."

அந்த ஒரு நிமிடத்தில் நான் செய்த காரியம் இதுதான். பலகையின் ஓரத்தில் கல்யாணி தன் கையால் திருகி வைத்திருந்த, வேர்க்கடலை அளவுப் பித்தளை மூடியைக் கழற்றினேன். என் சட்டைப் பையில் தயாராக இருந்த, பார்வைக்கு அச்சு அசலாக அதே போன்ற வேறொரு மூடியை அந்த இடத்தில் திருகினேன். கழற்றியதைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.

அப்போது எனக்கு ஐம்பத்தைந்து வயது. அன்று வெள்ளிக்கிழமை வேறு. நெற்றியில் கோவில் குங்குமம் இருந்தது.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர் போன மாதம் தபால் அட்டை போட்டிருந்தார். "ஐயா, உங்கள் தொடரில் ஒவ்வொரு வாரமும் தப்பு செய்கிறவர் யாரோ ஒருவராக இருக்கிறார். நீங்கள் மட்டும் எப்போதும் சரியாகவே நடந்துகொள்கிறீர்கள். இது எப்படி சாத்தியம்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அட்டையை மனைவியிடம் காட்டினேன். அவள் இரண்டு முறை படித்துவிட்டு, இந்த ஆளுக்கு நல்ல புத்தி என்றாள்.

ஆகவே இந்த வாரம் தப்பு செய்கிறவன் நான்.

யானை மேய்த்தவன்

அரசு ரேடார் ஆய்வுக்கூடத்தில் நான் கழித்த முப்பது ஆண்டுகளைப் பற்றி ஏற்கெனவே போதுமான அளவு பீற்றிக்கொண்டாகிவிட்டது. அங்கே ஆண்டெனா என்றால் வீடு மாதிரி இருக்கும். ஏணி போட்டு ஏற வேண்டும். வெயில் நாளில் அதன் நிழலில் உட்கார்ந்து நாலைந்து பேர் தயிர் சாதம் சாப்பிடுவோம். ஒருமுறை ஒரு மேலதிகாரி ஆண்டெனாவின் கிண்ணத்துக்குள்ளேயே படுத்துத் தூங்கிவிட்டார். அதைத் திருப்பிப் பார்க்கலாம் என்று யாரோ ஸ்விட்சைப் போட, அவர் மெதுவாகக் கிழக்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தார். நாங்கள் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது புத்தாயிரம் பிறந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும். பொம்மனஹள்ளியில் ஒரு சிறிய கம்பெனி என்னைக் கூப்பிட்டது. ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் மூன்று மாடிக் கட்டடம். கீழ் இரண்டு மாடியும் கார்மெண்ட்ஸ் ஃபேக்டரி. மேல் மாடி நாங்கள். காலை ஒன்பது மணிக்குக் கீழே நூற்றுக்கணக்கான தையல் மெஷின்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் டீ டம்ளரில் வட்ட வட்டமாக அலை எழும். மதியம் ஒரு மணிக்கு மெஷின்கள் நின்றதும், அதுவரை சத்தம் இருந்தது என்பதே அப்போதுதான் உறைக்கும்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்காக உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவி செய்துகொண்டிருந்தோம். போன் பேசலாம், மெயில் பார்க்கலாம், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒன்றல்ல, இரண்டு ஆண்டெனா வேண்டும் என்றார்கள்.

மேல் முனை ஆண்டெனா எனக்கு. கீழ் முனை ஆண்டெனா கல்யாணிக்கு.

கல்யாணிக்கு நாற்பது வயது இருக்கும். தாத்தா காலத்திலேயே பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும். மாமியார் பக்கவாதத்தில் விழுந்ததும் நல்ல வேலையை விட்டுவிட்டு ஒன்பது ஆண்டுகள் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டவர். மாமியார் காலமானபின் திரும்ப வேலை தேடியபோது, ஒன்பது ஆண்டு இடைவெளியைப் பார்த்துவிட்டு எந்தக் கம்பெனியும் இன்டர்வியூவுக்குக்கூட அழைக்கவில்லையாம். எங்கள் கம்பெனி மட்டும் ஆறு மாதத் தகுதிகாண் காலம் என்று எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் முடிந்ததும் நிரந்தரம், அல்லது வீடு.

முதல் நாளே என் கையில் இருந்த நகம் வெட்டும் கத்தரிக்கோலையும், அதில் நான் வெட்டிக்கொண்டிருந்த துளியூண்டு செப்புத் தகட்டையும் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"முப்பது வருஷம் யானை மேய்ச்சவரு. இப்ப எறும்பு மேய்க்க வந்துட்டாரு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ராத்திரி வீட்டில் படுத்தபோதுதான் சிரிப்பு போயிற்று.

ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம்

ஒரு சின்னக் கருவிக்கு எதற்கு இரண்டு ஆண்டெனா என்று நீங்கள் கேட்கலாம். நமக்கு எதற்கு இரண்டு காது, அதுபோலத்தான். ஒன்றைக் கை மறைத்தால் மற்றொன்று கேட்கும். இரண்டும் சேர்ந்து கேட்டால் இன்னும் வேகமாகக் கேட்கும்.

சிக்கல் என்னவென்றால், காதுகளுக்கு இடையே ஒரு தலை இருக்கிறது. எங்கள் ஆண்டெனாக்களுக்கு இடையே ஒரு தீப்பெட்டி அளவு இடம்கூட இல்லை. கீழே விரித்திருக்கும் செப்புத் தரையும் இரண்டுக்கும் பொது. நான் ஒன்று அனுப்பினால் அதில் பாதியைக் கல்யாணியின் ஆண்டெனா விழுங்கிவிடும். அவர் அனுப்பினால் என்னுடையது விழுங்கும்.

பெங்களூரில் ஒரே சம்ப்பை, அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை, நம்பி இரண்டு போர்ஷன்களில் குடியிருந்தவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

தரையில் அரை மில்லிமீட்டருக்கு நாங்கள் போட்ட சண்டையை ஓர் ஊர்ப் பஞ்சாயத்துகூடத் தாங்கியிருக்காது. நான் என் தகட்டைக் கொஞ்சம் நீட்டுவேன். மறுநாள் வந்து பார்த்தால் அவருடையது கொஞ்சம் நீண்டிருக்கும். காலையில் அளவுகோலை வைத்து எல்லை பார்ப்பார். "சார், ராத்திரியோட ராத்திரியா வரப்பைத் தள்ளிட்டீங்க போல இருக்கே" என்பார். நான் ஒன்றும் தெரியாதவன் போல, கார்மெண்ட்ஸ் மெஷின் அதிர்ச்சியில் நகர்ந்திருக்கும் என்பேன்.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாட்கள் எனக்குச் சந்தோஷமாக இருந்தன.

சர்க்கரைத் தலை

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். எத்திராஜைப் பற்றிச் சொல்லாமல் அந்த லேபைச் சொன்னதாக ஆகாது.

எத்திராஜ் எங்கள் டெக்னீஷியன். ஸ்ரீராம்புரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கண்ணால் பார்க்க முடியாத பொருள்களைக் கண்ணை மூடிக்கொண்டு சால்டர் செய்கிற கை. மனிதத் தலை அருகில் இருந்தால் ஆண்டெனா எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க, பிளாஸ்டிக் தலை ஒன்று வைத்திருந்தோம். அதற்குள் மூளைக்குப் பதிலாக ஒரு திரவம் ஊற்ற வேண்டும். தண்ணீர், உப்பு, ஏராளமான சர்க்கரை, கூடக் கொஞ்சம் கெட்டிப்படுத்தும் பொடி. பாகு காய்ச்சுவது எத்திராஜ்.

ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்தால், தலையின் காது வழியாக எறும்புகள் சாரி சாரியாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. எத்திராஜ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் மேலாளர் திவாகர் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல சார். இந்தக் கம்பெனில மூளை இருக்குதுன்னு எறும்புக்கு மட்டும் தெரிஞ்சு போச்சு" என்றார்.

திவாகர் மங்களூர்க்காரர், சென்னையில் படித்தவர். தமிழ் நன்றாகப் புரியும். அன்று புரியாதது போல நடந்துகொண்டார்.

மூன்று மூடிகள்

இனி தப்பைத் தள்ளிப்போட முடியாது.

என் ஆண்டெனா எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று அளக்கும்போது, கல்யாணியின் ஆண்டெனாவைச் சும்மா விடக் கூடாது. அதன் முனையில் ஒரு பித்தளை மூடியைத் திருக வேண்டும். பெயர்தான் மூடி, வேலை விழுங்குவது. கருவிக்குள் அந்த ஆண்டெனாவின் பின்னால் ரேடியோ உட்கார்ந்து வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும் அல்லவா, அந்த ரேடியோவுக்குப் பதிலாள் இந்த மூடி. அதைப் போட்டு அளந்தால்தான் நிஜமான எண் வரும்.

போடாமல் அளந்தால்? விழுங்கப்பட்டது திரும்பி வந்துவிடும். எண் பிரமாதமாக வரும். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் ஊருக்குப் போயிருக்கிற நாளில் குழாயைத் திறந்து, "எங்கள் வீட்டில் தண்ணீர் எப்படிக் கொட்டுகிறது பாருங்கள்" என்று சொல்வது போன்றது அது.

அளவைக் கருவியோடு வரும் மரப்பெட்டியில் மூன்று பித்தளை மூடிகள் வரிசையாக இருக்கும். மூன்றும் வெவ்வேறு வேலைக்கானவை. ஒன்றுதான் விழுங்கும். மற்றொன்றுக்குள் ஒன்றுமே கிடையாது, வெறும் கூடு, போட்டாலும் போடாத மாதிரிதான். தலையில் பொறித்திருக்கும் எழுத்தைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. அந்த எழுத்தும் கைபட்டுத் தேய்ந்திருந்தது.

பத்துப் பங்கு சக்தி உள்ளே போனால் ஐந்து பங்காவது காற்றில் போக வேண்டும் என்பது வாடிக்கையாளர் விதித்த நிபந்தனை. முதல் நாள் முறையாக மூடி போட்டு என் ஆண்டெனாவை அளந்தேன். எண் எனக்குப் பிடிக்கவில்லை. தகட்டை இங்கே வெட்டி, அங்கே ஒட்டி, மறுநாள் திரும்ப அளந்தேன். பத்துக்கு ஐந்தேகால் வந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. நேராகத் திவாகர் அறைக்கு ஓடினேன். அவர் அங்கேயே உட்கார்ந்து வாடிக்கையாளருக்கு மெயில் தட்டினார். முப்பது வருட அனுபவம் என்றால் இதுதான் என்று என் முதுகில் தட்டினார்.

திரும்பி வந்து பலகையைப் பிரித்தபோது பார்த்தேன். கல்யாணியின் முனையில் நான் போட்டிருந்தது வெறும் கூடு.

கை தவறித்தான் போட்டிருந்தேன். அதுவரை அது தப்பு மட்டும்தான். திவாகரின் அறைக்கும் என் மேசைக்கும் இருபது அடி. அந்த இருபது அடியை நான் அன்று நடக்கவில்லை. மறுநாள் நடந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் அது நாற்பது அடி ஆகிவிட்டது.

இரண்டு மில்லிமீட்டர்

கல்யாணி தன்னுடையதை அளந்தார். என் ஆண்டெனாவின் முனையில் சரியான மூடியைப் போட்டு, எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நியாயமாக அளந்தார். பத்துக்கு நான்கு.

திவாகர் எங்கள் இரண்டு எண்களையும் வெள்ளைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். பெரிய எழுத்தில். அதோடு, மாதக் கடைசிக்குள் கீழ் ஆண்டெனா ஐந்தைத் தொடாவிட்டால் நிரந்தரமாக்குவது சிரமம் என்று, எல்லோரும் இருக்கும்போதே கல்யாணியிடம் சொன்னார். அவருடைய ஆறு மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது.

அன்று மாலை அவர் என் மேசைக்கு வந்தார். கையில் ஒரு படம். இரண்டு ஆண்டெனாக்களுக்கும் நடுவே, பொதுத் தரையில், இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீறல் வரைந்திருந்தார். தரையை அப்படிப் பிளந்துவிட்டால் ஒருவருடைய மின்னோட்டம் மற்றவர் பக்கம் ஓடாது, இரண்டு பேரும் பிழைத்துக்கொள்வோம் என்று விளக்கினார். நல்ல யோசனை. நான் முப்பது வருடத்தில் யோசிக்காத யோசனை. ஆனால் கீறல் என் பக்கத்து நிலத்தில் வந்தது.

என் ஆண்டெனா ஏற்கெனவே தேறிவிட்டது, அதைத் தொட்டால் கெட்டுப்போகும், முடியாது என்றேன்.

"இரண்டே மில்லிமீட்டர் சார். சும்னே, சும்மா கேக்கல."

"தேறினதை எதுக்கும்மா நோண்டணும்?"

அவர் படத்தை மடித்தார். பிறகு, வழக்கமான கேலி ஏதும் இல்லாமல், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்:

"இங்க கன்ஃபர்ம் ஆகலன்னா என்னை இனிமே யாரும் கூப்பிட மாட்டாங்க சார். ஒன்பது வருஷம் வீட்ல இருந்துட்டு ஆறே மாசத்துல திரும்ப வீட்டுக்குப் போனவள்னு ஆயிடும்."

கீழே தையல் மெஷின்கள் நின்றிருந்தன. எனவே அது எனக்கு நன்றாகவே கேட்டது.

மந்திரவாதி

மூன்று வாரமும் கல்யாணி தனக்கிருந்த துண்டு நிலத்துக்குள்ளேயே என்னவெல்லாமோ செய்து பார்த்தார். தகட்டை மடித்தார், சுருட்டினார், எத்திராஜைக் கொண்டு பாம்பு போல வளைத்தார். நான்கு, நான்குக்குச் சற்று மேலே, மறுபடி நான்கு.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தினமும் யோசித்தேன். பஸ்ஸில் வரும்போது முழு வாக்கியமும் தயாராக இருக்கும். சில்க்போர்டு சந்திப்பைத் தாண்டும்வரை கூடவே வரும். பொம்மனஹள்ளி ஸ்டாப்பில் நான் மட்டும் இறங்குவேன்.

கடைசி அளவை அந்த வெள்ளிக்கிழமை. அன்றுதான், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு ஓர் அபாரமான யோசனை தோன்றியது. உண்மையைச் சொல்லாமலேயே அவரைக் காப்பாற்றிவிடலாம். எனக்கு உதவிய அதே பொய்யை அவருக்கும் கொடுத்துவிட்டால் போதும்.

முதுகு வலிக்கிறதென்று சொல்லிக்கொண்டிருந்தீர்களே, நான் கொண்டுபோய் வைக்கிறேன் என்று பலகையை அவர் கையிலிருந்து வாங்கினேன். அப்புறம் நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொல்லிவிட்டேனே. கல்யாண வீட்டில் நாணயத்தை மறைக்கும் மந்திரவாதி தோற்றான். என் விரல்கள் நடுங்கவில்லை. அதுவும் சொல்லியாக வேண்டும்.

கம்ப்யூட்டர் திரையில் எண் வந்தது. பத்துக்கு ஆறு.

கல்யாணி திரையருகே குனிந்து எண்ணை மறுபடி படித்தார். திரும்பி எத்திராஜைப் பார்த்தார். "அந்தப் பாம்பு வேலை செஞ்சிடுச்சு எத்திராஜ்" என்றார். எத்திராஜ், "நான் அப்பவே சொன்னேன் இல்லக்கா" என்றார். அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

நான் உள்ளே போய், கூட்டைக் கழற்றி, சரியான மூடியைத் திருகி, பலகையை மரியாதையாக வெளியே எடுத்து வந்தேன். திங்கட்கிழமை கல்யாணி நிரந்தரமானார். பெரிய டப்பாவில் மைசூர்பாகு வந்தது. என் மேசைக்குத்தான் முதலில் வந்தது.

இரண்டு துண்டு சாப்பிட்டேன். எனக்கு அன்று என்னைப் பற்றி மிக நல்ல அபிப்பிராயம் இருந்தது.

கல்யாணி சொன்னது

பொய்யான எண் காகிதத்தில் எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கும். கருவி என்று ஒன்று செய்து அதற்குள் நிஜ ரேடியோவை வைத்தால் இரண்டு பக்கமும் விழுங்கத் தொடங்கிவிடும். ஒன்றரை மாதம் கழித்து, முதல் ஐம்பது மாதிரிக் கருவிகளையும் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார். அத்திபெலே வரை கருவியோடு காரில் போய்ப் பார்த்தோம். டவர் அருகில் இருக்கும்வரை ஒழுங்காக இருந்தது. கொஞ்சம் தள்ளிப் போனதும் இரண்டு காதும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு வெளியே ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டன.

திவாகர் கூட்டம் போட்டார். மேசை மேல் ஐம்பது கருவிகள். இரண்டு நல்ல எண்கள், ஒரு கெட்ட கருவி, இது எப்படி என்று கேட்டார்.

நான் என் பேனாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

கல்யாணி எழுந்தார். இரண்டு நாளாகத் தன் நோட்டுப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததாகச் சொன்னார். மூன்று வாரம் நான்கில் நின்ற எண் ஒரே நாளில் ஆறுக்குப் போனது இப்போது பார்த்தால் தனக்கே நம்பும்படி இல்லை என்றார். அப்புறம் சொன்னது, சொல் மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது:

"பெட்டியில மூணு மூடியும் ஒரே மாதிரி இருக்கு சார். அவசரத்துல நான்தான் மாத்திப் போட்டிருக்கணும்."

திவாகர், அப்படியானால் சபாபதியின் எண்ணும் எப்படித் தவறாகும் என்று கேட்டார். சபாபதி நான்.

"பெட்டியைத் துடைச்சு அடுக்கி வெக்கறது நான்தானே சார். இடம் மாத்தி வெச்சிருப்பேன். அவரு பாவம், இடத்தை நம்பி எடுத்திருப்பாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் இரக்கம் இருந்தது. முப்பது வருட அனுபவசாலியை இப்படி ஒரு கவனக்குறைவு மாட்டிவிட்டதே என்ற இரக்கம். எத்திராஜ் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்று நான் கடைசிவரை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

நான் வாயைத் திறந்தேன். திறந்து, "பரவாயில்லைம்மா, யாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

இந்தத் தொடரில் எத்தனையோ கெட்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். அவர்களில் ஒருவர்கூட இப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை.

திவாகர் கல்யாணியை வீட்டுக்கு அனுப்பவில்லை. தானாக ஒப்புக்கொண்டதற்காக வேலை தப்பியது. ஆனால் நிரந்தரத்தை ரத்து செய்து, தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டினார். பழைய மடித்த படத்தைக் கல்யாணி மறுபடி எடுத்து வந்தார். இந்த முறை இரண்டு மில்லிமீட்டர் அல்ல, மூன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். தரையைப் பிளந்தோம். எத்திராஜ் பிளேடால் கீறினார். சரியான மூடி போட்டு அளந்ததில் இரண்டு ஆண்டெனாவும் ஐந்தைத் தாண்டின. கருவி விற்றது.

ஒரு சோதனையின் பெயர்

அதன் பிறகு திவாகர் ஒரு விதி போட்டார். யார் அளந்தாலும், அதற்கு முன் இன்னொருவர் வந்து, மூடியை மல்டிமீட்டரில் வைத்து, விழுங்கும் மூடிக்குரிய ஐம்பது ஓம் காட்டுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல விதி. படிவத்தில் அதற்கு ஒரு நீளமான ஆங்கிலப் பெயர் இருந்தது. லேபில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. "கல்யாணி செக் ஆச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

கல்யாணி முன்னாலேயே கேட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "ஆச்சு, ஆச்சு" என்பார்.

கம்பெனி இரண்டு முறை கை மாறி, அங்கே வேலை செய்தவர்கள் பெங்களூர் முழுக்கச் சிதறினார்கள். பெயரும் அவர்களோடு சிதறியது. சில ஆண்டுகள் கழித்துக் கல்யாணி ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்கு இன்டர்வியூ போனாராம். கேள்வி கேட்ட பையன், இரண்டு ஆண்டெனாவை அளப்பதற்கு முன் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், "நாங்க இதை இங்க கல்யாணி செக்னு சொல்லுவோம் மேடம், யாரோ ஒரு அம்மா மூடியை மாத்திப் போட்டு ப்ராஜெக்டையே கவுத்தாங்களாம்" என்று விளக்கினானாம். பயோடேட்டா அவன் கைக்கடியில்தான் இருந்தது. தன் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது, அவன்தான் கவனிக்கவில்லை என்று கல்யாணி எனக்குப் போன் செய்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று விவரிக்க மாட்டேன்.

அந்தப் பெயர் என்னுடையது. சபாபதி செக். யாராவது எங்காவது ஒரு லேபில் இதைப் படித்தால் தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்துக் கையெழுத்தும் போட்டு மனைவியிடம் கொடுத்தேன். படித்தாள். அச்சில் வருவதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுங்கள், பத்திரிகையைப் பார்த்துத் தெரிந்துகொள்வது நன்றாக இருக்காது என்றாள்.

நேற்றுக் காலை போன் செய்தேன். கல்யாணி இப்போது மைசூரில் மகளோடு இருக்கிறார். அறுபது தாண்டிவிட்டது. முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துக் காட்டினேன். எறும்பு வரும் இடத்தில் சிரித்தார். மைசூர்பாகுக்கு அப்புறம் லைன் இருக்கிறதா என்று நடுவில் இரண்டு முறை கேட்டேன். இருக்கு, படிங்க என்றார்.

முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன். 

"ஒண்ணு கேக்கட்டா சார்?"

"கேளுங்கம்மா."

"மொத நாள் சரியான மூடி போட்டு அளந்தேன், எண் பிடிக்கலன்னு எழுதியிருக்கீங்களே. அன்னிக்கு உங்களுது எவ்வளவு வந்துச்சு?"

திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அழக்கூடும் என்றும் நினைத்திருந்தேன். இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஓர் இன்ஜினியர் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான்.

"மூணு" என்றேன்.

"என்னுது நாலு."

"ஆமாம்மா."

"நீங்க மூணு, நான் நாலு. போர்டுல உங்களுத அஞ்சேகால்னு போட்டு, பக்கத்துல என்னோட நாலு."

"ஆமாம்."

"இவ்வளவும் எழுதினீங்க, அதை எழுதலையே சார்" என்றார்.

 மூடியை மாற்றியதை எழுத முடிந்தது. கூட்டத்தில் "பரவாயில்லைம்மா" என்றதை எழுத முடிந்தது. எறும்பு மேய்ப்பதில் என்னைவிட அவர் கெட்டிக்காரர் என்பதை மட்டும், இருபது வருடம் கழித்தும், நைசாகத் தாண்டிப் போயிருக்கிறேன். அது கைதவறி விட்டுப்போனதல்ல.

"அதை எழுதுங்க" என்றார். "மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும்."

போனை வைத்துவிட்டு, பத்திரிகைக்கு அனுப்ப இருந்த உறையைப் பிரித்தேன். நான் போட்டிருந்த கையெழுத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. அதில் இந்தத் தொலைபேசிப் பேச்சையும், அதற்கடியில் இந்த இரண்டு வரியையும் சேர்த்திருக்கிறேன்.

கல்யாணி: நான்கு.

சபாபதி: மூன்று.